கேனுக்குச் சான்றிதழ் உண்டு, போர்வெல்லுக்கு?

எந்தக் குடிநீர் ஆய்வறிக்கையை எடுத்துப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இந்த முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.’ மாதிரியை நிறுவனமே கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதையும் ஓர் ஓரத்தில் குறித்திருப்பார்கள். அதற்கு மேலே நீளமான அட்டவணை. நிறம், மணம், சுவை என்று தொடங்கும். பிறகு நைட்ரேட், ஃபுளோரைடு. அதன் கீழே ஈயம், காட்மியம், ஆர்செனிக். பூச்சிக்கொல்லிகளுக்கென்று ஒரு பெரிய பட்டியல். இத்தனைக்கும் நடுவே, பலருடைய கண்ணும் போகாத இடத்தில், ‘கதிரியக்க எச்சங்கள்’ என்று இரண்டே வரிகள். ஆல்ஃபா கதிர் உமிழ்பவை லிட்டருக்கு 0.1 பெக்கரலுக்கு மிகக் கூடாது. பீட்டா கதிர் உமிழ்பவை 1 பெக்கரலுக்கு மிகக் கூடாது. எதிரே முடிவு: ‘கண்டறியப்படவில்லை.’ நம் வாசலில் வந்து இறங்கும் இருபது லிட்டர் கேனில் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தால், இப்படியோர் அறிக்கை எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது என்று பொருள். ஆய்வகம் சொல்வது தன் மேசைக்கு வந்த பாட்டிலைப் பற்றி மட்டும்தான். அதை நம் வீட்டுக் கேனுக்கும், அடுத்த மாதம் வரப்போகும் கேனுக்கும், தண்ணீர் கிளம்பிவந்த போர்வெல்லுக்கும் சேர்த்துப் படித்துக்கொள்வது நாம்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாட்டில் தண்ணீரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘பரிசோதனை செய்கிறார்களா, இல்லையா’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். செய்கிறார்கள், ஓரளவு ஒழுங்காகவே செய்யும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் கதிரியக்கமானாலும் ரசாயனமானாலும் பெரும்பாலான கலப்படம் பாட்டிலில் பிறப்பதில்லை. பாறையிலும், வயலிலும், சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குள்ளும் பிறக்கிறது. கடைசியில் வெளிவரும் பாட்டிலை மட்டும் எடுத்து, முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு பட்டியலை வைத்துத் தேடினால், தேடியது கிடைக்கும் அல்லது கிடைக்காது. தேடாதது கிடைக்கவே கிடைக்காது. சோதனையை நீர் ஊற்றுக்குக் கொண்டுபோய், அதன் முடிவை வாங்குகிறவர் பார்க்கும்படி வைத்தாலொழிய, இன்னும் பத்துப் பொருள்களை அட்டவணையில் சேர்த்தும் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது.

முதலில் அந்த இரண்டு வரிகளையே எடுத்துக்கொள்வோம். பெக்கரல் என்பது ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைவது. லிட்டருக்கு 0.1 பெக்கரல் என்றால், ஒரு லிட்டர் பாட்டில் முழுவதிலும் பத்து விநாடிக்கு ஓர் அணு உடைகிறது. இதை அளப்பது லேசான வேலை இல்லை. தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். மிஞ்சும் உப்பை ஒரு சிறு எஃகுத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, எண்ணும் கருவிக்கு அடியில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். உப்புப் படலம் கொஞ்சம் தடித்தாலே, அடியில் உடையும் அணுவின் துகள் மேலே வந்து சேராது. தமிழ்நாட்டில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு தங்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் குறைந்த அளவை எடுத்துத்தான் காய்ச்ச வேண்டும். அளவைக் குறைத்தால் கருவி கண்டுபிடிக்கும் திறனும் குறையும். ரேடான் வாயு இருந்திருந்தால் அது கொதிக்கும்போதே பறந்து போயிருக்கும். ஆக, ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம், எந்தக் கருவி என்ற மூன்று கேள்விகள் நிற்கின்றன. பல அறிக்கைகளில் இவற்றுக்கு விடை இருக்காது.

சரி, எண் சரியாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன சொல்கிறது? இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் இளநீரில் சுமார் இரண்டரை கிராம் பொட்டாசியம் உண்டு. இயற்கைப் பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை; ஒரு கிராம் பொட்டாசியம் விநாடிக்கு ஏறத்தாழ 28 பீட்டா துகள்களை உமிழும். கணக்குப் போட்டால் இளநீரின் பீட்டா அளவு லிட்டருக்கு 70 பெக்கரல் வாக்கில் வரும். குடிநீர்த் தரத்தின் வரம்பைப் போல எழுபது மடங்கு! மெரினாவில் இளநீர் விற்பவரின் வண்டியை இதற்காக யாரும் பறிமுதல் செய்ய வேண்டியதில்லை. நம் உடம்பிலேயே நாலாயிரம் பெக்கரல் அளவுக்குப் பொட்டாசியம்-40 எந்நேரமும் இருக்கிறது. கூடுதலாக வருவதைச் சிறுநீரகம் வெளியேற்றி அளவைச் சீராக வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பீட்டா கணக்கில் பொட்டாசியத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் இதைவிட முக்கியமானது. தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடியம்-228 என்றொரு கதிரியக்க வகை. எலும்பில் போய்க் குடியேறும் குணம் கொண்டது. இதற்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.1 பெக்கரல். அது பீட்டா உமிழும் வகை. அப்படியானால் அந்த அளவைப்போல ஐந்து மடங்கு, எட்டு மடங்கு இருந்தாலும் ‘பீட்டா 1 பெக்கரலுக்கு மிகாமல்’ என்ற வரியில் அது சத்தமில்லாமல் தேறிவிடும். நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் ஓராண்டு குடித்தால், லிட்டருக்கு 1 பெக்கரல் ரேடியம்-228 உடம்புக்குத் தரும் கதிர்வீச்சு அளவு சுமார் 0.5 மில்லிசீவர்ட். குடிநீர் வழியாக வரலாம் என்று அதே நிறுவனம் வைத்திருக்கும் ஆண்டு அளவு 0.1 மில்லிசீவர்ட்தான். இளநீர் தோற்கிற பரீட்சையில் ரேடியம் தேறிவிடுகிறது என்பதற்காக பரீட்சையை நடத்தியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆல்ஃபா, பீட்டா மொத்த அளவு என்பது சல்லடையாகத்தான் வகுக்கப்பட்டது. சல்லடையில் தங்கியதை எடுத்து எந்தத் தனிமம் என்று பிரித்துப் பார். சல்லடையில் தங்காததையும் அந்த ஊர்ப் பாறையின் இயல்பு தெரிந்து சந்தேகி. இதுதான் அதன் பயன்பாட்டு விதி. நாம் அதைக் கடைசித் தீர்ப்பாக ஆக்கிவைத்திருக்கிறோம்.

யுரேனியத்தின் கதை இன்னும் விசித்திரம். 1998இல் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் யுரேனியத்துக்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று அளவு வைத்தது. 2004இல் அது 15 ஆனது, 2011இல் 30. இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிரியக்கக் கணக்கை மட்டும் வைத்து 60 என்று சொல்லியிருந்தது. பொதுக் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 2012 பதிப்பு வரை யுரேனியத்துக்கென்று தனி வரியே கிடையாது. 30 மைக்ரோகிராம் என்ற அளவு பிறகு திருத்தத்தின் மூலம்தான் நுழைந்தது. இப்போது ஒரு சின்னக் கணக்கு: ஒரு மில்லிகிராம் இயற்கை யுரேனியம் ஏறத்தாழ 25 பெக்கரல் ஆல்ஃபா தரும். 30 மைக்ரோகிராம் என்றால் 0.75 பெக்கரல். ஆனால் அதே தரத்தின் ஆல்ஃபா வரம்பு 0.1 பெக்கரல், அதைத் தொட 4 மைக்ரோகிராம் யுரேனியமே போதும். ஒரே தாளில் ஒரு வரி 30 வரை அனுமதிக்கிறது, இன்னொரு வரி 4லேயே தடுக்கிறது. இரண்டு வரிகளையும் உண்மையிலேயே அளந்து பார்க்கும் ஆய்வகம் இந்த முரணில் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. தேசிய அளவில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை என்பதே, அந்த இரண்டு வரிகளை எவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

யுரேனியம் என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் அது செய்யும் கெடுதல் பெரும்பாலும் கன உலோகம் செய்யும் கெடுதல்தான். முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகம். 30 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை ஓராண்டு குடித்தால் வரும் கதிரியக்க அளவு 0.03 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டே இருக்கிறது. எனவே கதிரியக்கத்தைத் தனியாகவும் ரசாயனத்தைத் தனியாகவும் பார்ப்பதே பாதித் தவறு. ஒரே பொருள் இரண்டு வாசல் வழியாகவும் வரும்.

கதிரியக்கம் என்றால் கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் அல்லவா பார்க்க வேண்டும், கேன் தண்ணீரில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அணுமின் நிலையங்களைக் கண்காணிக்க வேண்டிய அவசியம் தனி. அங்கிருந்து கசிவு நேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியவை கடலும் அக்கம்பக்க நிலத்தடி நீரும்தான். நூறு மைல் தள்ளி ஒரு பிளான்ட்டின் போர்வெல்லில் ரேடியம் இருந்தால், அது அந்தப் பாறை உருவான காலத்திலிருந்து அங்கே இருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் தோரியம் நிறைந்த மோனசைட் இருப்பது ஊரறிந்தது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. இங்கே போர்வெல் போடுவது என்பது பாறையின் வெடிப்புகளில் தேங்கிய நீரைத் தேடுவதுதான். அந்த வெடிப்பு எந்தப் பாறையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத் தண்ணீரின் குணம் மாறும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று இனிப்பும் மற்றது உவர்ப்புமாக இருப்பதை ஊர்க்காரர்கள் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. யுரேனியம் விஷயத்திலும் அதே நிலைதான். என்ன, அதை நாக்கு காட்டிக்கொடுக்காது.

பாறை மட்டும் காரணமாக இருந்தால் ஒரு முறை சோதித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். 2018இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவ்னர் வெங்கோஷும் உடன் பணிபுரிந்தவர்களும் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் 324 கிணறுகளை ஆராய்ந்தார்கள். ராஜஸ்தானில் பார்த்த கிணறுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் 30 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். யுரேனியத்தின் மூலம் பாறை. ஆனால் அளவுக்கு மீறி நீரை இறைத்து மட்டம் இறங்கும்போது பாறைக்குள் காற்று படுகிறது, யுரேனியம் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைட்ரேட்டும், தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டும் அதற்குத் துணை போகின்றன. அதாவது கிணறு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள். சென்னைக்காரர்களுக்கு 2019 கோடையை நினைவூட்ட வேண்டியதில்லை. ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. அப்படிப்பட்ட கோடையில் கேன் தேவை ஏறும், நீர்மட்டம் இறங்கும், போர்வெல்லை ஆழப்படுத்துவதும் டேங்கர் லாரியில் வேறிடத்து நீரை வாங்குவதும்தான் பிளான்ட்டுக்கு இருக்கும் வழிகள். மார்கழியில் எடுத்த மாதிரியின் அறிக்கை சித்திரையில் நிரப்பிய கேனுக்குச் சாட்சி சொல்ல முடியாது.

ஆர்.ஓ. இருக்கிறதே, அது எல்லாவற்றையும் வடிகட்டிவிடாதா? இதுதான் கேன் தொழிலின் வலுவான பதில், பெருமளவு உண்மையும்கூட. நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. சவ்வு யுரேனியத்தையும் ரேடியத்தையும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும். ஒழுங்காக நடக்கும் பிளான்ட்டின் தண்ணீர் ஆல்ஃபா வரம்பில் தேறுவதற்குக் காரணமே இதுதான். ஆனால் சவ்வுக்கு ஆயுள் உண்டு. பழசாகிப் போன சவ்வில் உப்பு கசியும். அதோடு, ஆர்.ஓ.வில் முழுக்க வடிந்த தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்பதால், சுவைக்காகக் கொஞ்சம் மூல நீரைத் திரும்பக் கலந்தால், தடுத்ததில் ஒரு பங்கு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். இவற்றைப் பிடிக்க நம் வீடுகளில் இருக்கும் ஒரே ஆயுதம் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் முக்கினால் 85, 120 என்று எண் காட்டும். அது அளப்பது மின்கடத்தும் தன்மையை. லிட்டருக்கு 120 மில்லிகிராம் உப்புள்ள நீரில் வரம்பைத் தாண்டிய யுரேனியம் 0.04 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டர் 120 என்றே காட்டும். ஆர்செனிக்குக்கும் பூச்சிக்கொல்லிக்கும் அதே கதை. இந்த மீட்டரையும், இரும்புக் கம்பிகளை முக்கித் தண்ணீரைச் செம்மண் நிறமாக்கிக் காட்டும் இன்னொரு கருவியையும் வைத்துக்கொண்டு நடந்த ஆர்.ஓ. வியாபாரம்தான், ‘டி.டி.எஸ். குறைந்தால் சுத்தம்’ என்ற மூடநம்பிக்கையை வீடுதோறும் பரப்பியது.

இன்னொன்றும் உண்டு: சவ்வு தடுத்ததெல்லாம் ஆவியாகிப் போய்விடுவதில்லை. இறைத்த நீரில் கணிசமான பங்கு, தடுத்த உப்புகளோடு அடர்ந்து, கழிவாக வெளியேறுகிறது. அது சாக்கடைக்கோ பக்கத்து நிலத்துக்கோ போகிறது. அந்தத் தெருவில் போர்வெல்லை நம்பியிருப்பவரும் ஒருவர் இருப்பார்.

சுத்திகரிப்பே விஷத்தை உண்டாக்கிய கதைகளும் பாட்டில் தண்ணீர் வரலாற்றில் இருக்கின்றன. 2004இல் கோக கோலா நிறுவனம் பிரிட்டனில் டசானி தண்ணீரை இறக்கியது. லண்டனுக்கு அருகே சிட்கப்பில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை எடுத்து, ஆர்.ஓ. செய்து, சுவைக்கும் தாதுவுக்கும் கால்சியம் குளோரைடு சேர்த்து, கிருமி நீக்க ஓசோன் செலுத்தினார்கள். சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்தது. ஓசோன் பட்டதும் அது புரோமேட்டாக மாறியது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. சட்ட வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சில பாட்டில்களில் அதன் இரு மடங்கு இருந்தது. மார்ச் மாதத்தில் ஐந்து லட்சம் பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. குழாயில் வந்தபோது சட்டப்படி நன்றாக இருந்த தண்ணீர், சுத்தம் செய்ததனால் கெட்டது. நம் கேன் பிளான்ட்டுகளிலும் ஓசோன் உண்டு. கடலோர நிலத்தடி நீரில் புரோமைடும் உண்டு. ஐ.எஸ். 14543இலும் புரோமேட்டுக்கு அதே 10 மைக்ரோகிராம் வரம்பு இருக்கிறது. ஆனால் ஓசோன் அளவைக் கூட்டிய அன்று சோதித்தார்களா, கூட்டாத அன்று சோதித்தார்களா என்பதை அறிக்கையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பெரியே விவகாரம் அதற்கும் பழையது. 1990இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மாவட்ட ஆய்வகத்தில், கருவிகளைச் சரிபார்க்கப் பிரான்சின் பெரியே பாட்டில் நீரைச் சுத்தத்துக்கு உரைகல்லாக வைத்திருந்தார்கள். ஒரு நாள் அந்த உரைகல்லிலேயே பென்சீன் காட்டியது. நிறுவனம் முதலில் ஆலையைத் துடைக்கும் திரவம் தவறிப் பட்டுவிட்டது என்றது. பிறகுதான், ஊற்றிலிருந்து வரும் வாயுவை வடிகட்டும் ஃபில்டர்களை உரிய நேரத்தில் மாற்றவில்லை என்ற உண்மை வெளியே வந்தது. உலகெங்கும் 16 கோடி பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. இதைக் கண்டுபிடித்தது நிறுவனத்தின் சோதனையோ அரசின் திட்டமிட்ட ஆய்வோ அல்ல. வேறு வேலைக்காகப் பாட்டிலைத் திறந்த ஓர் ஆய்வகம்.

நம் நாட்டில் 2003 பிப்ரவரியில் நடந்ததும் இதற்கு அண்ணன் தம்பிதான். டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் டெல்லியிலும் மும்பையிலும் விற்ற 30 பிராண்டுகளைச் சோதித்து, லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இருப்பதாக அறிவித்தது. பாட்டில்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்ததே என்று எல்லோரும் திகைத்தார்கள். அப்போதைய தரத்தில் பூச்சிக்கொல்லிக்கு எண்ணே கிடையாது. ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த முறையில் கண்டறிய வேண்டும் என்றும் அதுவே சொல்லியது. அந்த முறையின் நுட்பம் மட்டம். கண் மங்கிய காவலாளியைக் கேட்டால் திருடன் வரவில்லை என்றுதானே சொல்வான்? அந்தப் பரபரப்புக்குப் பிறகு ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 0.5 மைக்ரோகிராம் என்று ஐரோப்பிய அளவைப் பின்பற்றிப் புதிய வரம்பு வந்தது. 2004 ஜனவரியிலிருந்து அமலானது. வெளியாள் ஒருவர் சோதித்து, முடிவை வெளியே சொன்னதால்தான் அது நடந்தது.

இந்த இடத்தில் தொழில் நடத்துபவர்களின் ஆட்சேபத்தையும் கேட்க வேண்டும். இருபது லிட்டர் கேனில் கிடைக்கும் லாபமே சில ரூபாய். ரேடியத்தைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்கச் சொன்னால் சின்ன பிளான்ட்டுகள் இழுத்து மூட வேண்டியதுதான், பெரிய பிராண்டுகளுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நியாயமான பயம். ஆனால் எல்லாப் பேட்ச்சையும் அப்படிச் சோதிக்கத் தேவையில்லை என்பதுதான் ஊற்றைச் சோதிப்பதன் அனுகூலம். கிணற்றுக்கு ஆண்டுக்கொரு முறை, ஆழப்படுத்தினால் இன்னொரு முறை போதும். அதற்கு இருபதாயிரம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆயிரம் கேன் வீதம் ஆண்டில் முந்நூறு நாள் ஓடும் பிளான்ட்டுக்குக் கேன் ஒன்றுக்கு ஏழு பைசா. கேனை மூடும் பிளாஸ்டிக் உறையே அதைவிட அதிகம். ஒரே வட்டாரத்தில் ஒரே பாறையில் இறைக்கும் பத்துப் பிளான்ட்டுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் வழியுண்டு. அதைவிட, மாநில அரசே வட்டாரவாரியாக ஒரு முறை யுரேனியம், ரேடியம் வரைபடம் எடுத்துவிட்டால், பிரச்சினை இல்லாத ஊர்களைச் சோதனையிலிருந்து பெருமளவு விடுவித்துவிடலாம். இப்போது நல்ல பாறையில் இருப்பவரும் மோசமான பாறையில் இருப்பவரும் ஒரே அட்டவணையை ஒரே மாதிரி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் வீண் செலவு.

முடிவுகளை வெளியிட்டால் பீதி பரவும் என்பது அடுத்த ஆட்சேபம். அதிகாரிகளுக்கு மிகப் பிடித்த ஆட்சேபமும் அதுவே. அமெரிக்காவில் குழாய்த் தண்ணீர் தரும் ஒவ்வோர் அமைப்பும் தண்ணீரில் என்னென்ன இருந்தன என்று ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்கு அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அதில் கதிரியக்க அளவும் வரும். யாரும் ஊரைக் காலி செய்துவிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் பாட்டில் தண்ணீர் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவது குழாயைப் பற்றித் தெரிவதைவிடக் குறைவு. ஜெர்மனி வேறு விதமாக யோசித்தது. ‘குழந்தை உணவு தயாரிக்க ஏற்றது’ என்று பாட்டிலில் போட வேண்டுமானால் யுரேனியம் லிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. பச்சைக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கும் தாய்க்கு அட்டவணையின் அறுபது வரிகள் தேவையில்லை. அந்த ஒரு வாசகம் போதும். சந்தையே நல்ல ஊற்றைத் தேடிப் போக அது வழிவிட்டது. பீதி பெரும்பாலும் எண் தெரிவதால் கிளம்புவதில்லை. இருபது வருடம் மறைத்துவைத்த எண் ஒரு நாள் செய்தித்தாளில் வரும்போது கிளம்புகிறது.

நம் நாட்டுச் சட்டம் இப்போது நிற்கும் இடம் கொஞ்சம் குழப்பமானது. 2001 முதல் கேன், பாட்டில் தண்ணீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில், ஒரே பொருளுக்கு இரண்டு சான்றிதழ் எதற்கு என்ற நோக்கில், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தன் விதிகளிலிருந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அடுத்த மாதமே அதே ஆணையம் பாட்டில் தண்ணீரை ‘அதிக ஆபத்துள்ள உணவு’ப் பட்டியலில் சேர்த்தது, உரிமம் தரும் முன் ஆய்வு, ஆண்டுக்கொரு முறை ஆய்வு, வெளியாள் தணிக்கை என்று கூடுதல் கட்டுப்பாடுகள் வந்தன. ஒரு கையால் தளர்த்தியதை மறு கையால் இறுக்கியதாகத் தோன்றினாலும், இரண்டாவது முடிவில் ஒரு நல்ல விதை இருக்கிறது. ஆய்வாளர் பிளான்ட்டுக்கு நேரில் போகிறார் என்றால், பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. போர்வெல்லின் வாயிலிருந்து ஒரு மாதிரி, ஆர்.ஓ.வுக்குப் பின் ஒன்று, ஓசோனுக்குப் பின் ஒன்று, வெயிலில் ஒரு மாதம் கிடந்த கடைப் பாட்டிலிலிருந்து ஒன்று என்று நான்கு எடுக்கலாம். முதல் மூன்றுக்கும் காரணம் மேலே சொல்லியாகிவிட்டது. நான்காவது ஆன்டிமனிக்காக: பெட் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது சேரும் இந்த உலோகம் வெப்பம் கூடக்கூடத் தண்ணீரில் அதிகமாகக் கரையும். பிளான்ட்டில் எடுத்த புதுப் பாட்டிலில் அது அவ்வளவாக இருக்காது. பங்குனி வெயிலில் பெட்டிக்கடை வாசலில் அடுக்கிய பாட்டிலில்தான் கூடியிருக்கும்.

குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் இதைவிட மோசமாக இருக்கலாமே, கேன்காரர்களை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றும் கேட்கலாம். இருக்கலாம். சுத்திகரிக்காத போர்வெல்லை நேரடியாகக் குடிப்பவர்களுக்கு யுரேனியமும் ஃபுளோரைடும் கேன் வாங்குபவர்களைவிடப் பெரிய கவலையாக இருக்க வேண்டும். ஊற்றுகளை வட்டாரவாரியாகச் சோதித்தால் முதல் பயன் அவர்களுக்குத்தான் போய்ச் சேரும். கேனை முதலில் எடுத்துக்கொள்ளக் காரணம், அது சுத்தம் என்ற வாக்குறுதியை விலைக்கு விற்கிறது என்பது ஒன்று. இன்னொன்று, அதன் மேல் ஏற்கெனவே ஒரு லேபிள் இருக்கிறது. உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் நிரப்பிய தேதியும் அதில் இருக்கின்றன. தயாரித்தவரின் முகவரியும் இருக்கிறது. சில கேன்களில் அதோடு சந்தைப்படுத்துபவரின் முகவரியும். இவற்றோடு ஒரு கியூ.ஆர். கட்டம் சேர்த்து, அதைத் தட்டினால் போர்வெல் இருக்கும் கிராமம், அதன் ஆழம், மாதிரி எடுத்த தேதி, எடுத்தவர் ஆய்வகமா நிறுவனமா, யுரேனியம் எவ்வளவு, ரேடியம்-226 எவ்வளவு, ரேடியம்-228 எவ்வளவு, ‘கண்டறியப்படவில்லை’ என்றால் கருவியின் எல்லை எவ்வளவு என்று எட்டு வரிகள் வரும்படி செய்ய புதிய சட்டம் ஒன்றும் தேவைப்படாது. இப்போது கேன் போடும் பையனிடம் இது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டால், எந்த குடோனிலிருந்து ஏற்றினான் என்பதுவரை சொல்வான். அதற்கு அந்தப் பக்கம் அவனுக்கும் தெரியாது, பல நேரம் குடோன்காரருக்கும் தெரியாது.